கல்லில் ஒரு விரல் துளை

“அம்மா, இதைக் கொஞ்சம் படி” என்று மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

ஜெர்மனியில் ட்ரிஃபெல்ஸ் கோட்டையின் பெரிய மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தோம். சிவப்புக் கல் சுவர்கள், வளைவு ஜன்னல்கள், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். நான் மெய்மறந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அகலமான படிக்கட்டைப் பார்த்து, “இதுல எத்தனை ராஜா ஏறி இறங்கியிருப்பாங்க!” என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தேன்.

“ஒருத்தர்கூட இல்ல. இதை 1938லதான் கட்ட ஆரம்பிச்சாங்களாம்.”

“எதை?”

“இதையெல்லாம்தான். நீ படம் எடுத்ததை எல்லாம்.”

அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது, ஏழாம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்தில் இடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. நேரில் பார்த்த ஒரு கோட்டையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கார்ல்ஸ்ரூவில் ரயில் ஏறி, லாண்டாவில் மாறி, அன்வைலர் என்ற சின்ன ஊரில் இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சிரைக்க மலை ஏறி வந்திருந்தோம். வந்து பார்த்தால் மண்டபத்துக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ஒரு கோடு கிழித்தாள். இடப்பக்கம் ‘நிஜம்’, வலப்பக்கம் ‘போலி’. ட்ரிஃபெல்ஸ் வலப்பக்கம் போனது.

இரண்டு பக்கக் கட்டுரை எப்போதோ முடிந்து மதிப்பெண்ணும் வாங்கியாகிவிட்டது. அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கே இருக்கிறது இது? கார்ல்ஸ்ரூவிலிருந்து ரைன் ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் முதலில் தட்டையான வயல்கள், அப்புறம் திராட்சைத் தோட்டங்கள், அதற்குப் பின்னால் சுவர் எழுப்பினாற்போல் மலை விளிம்பு. அந்த விளிம்பைத் தாண்டினால் காடு. ஃபெல்ட்ஸர்வால்ட், அதாவது ஃபல்ட்ஸ் நாட்டுக் காடு. ஆங்கிலத்தில் பேலட்டினேட் என்பார்கள். 1992-ல் இதை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1998-ல் எல்லைக்கு அப்பால் பிரான்சின் வடக்கு வோஜ் காட்டையும் சேர்த்து ஒரே காப்பகமாக்கினார்கள். உயரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இருப்பதிலேயே உயர்ந்த கால்மிட் 673 மீட்டர்தான். ஆல்ப்ஸ் போய் வந்தவர்கள் இதை மலை என்றால் சிரிப்பார்கள். ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு நாள் நடந்தால் முழங்காலுக்குத் தெரியும்.

இந்த மலைகளின் விசேஷம் கல். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல் படிந்து படிந்து உருவான சிவப்பு மணற்கல். கெட்டியான அடுக்கும் மெத்தென்ற அடுக்கும் மாறி மாறி இருக்கும். மழையும் காற்றும் மெத்தென்றதை அரித்துவிட, கெட்டியானது பல் போலவும் தூண் போலவும் குடை போலவும் மரங்களுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஹின்டர்வைடன்டால் என்ற ஊருக்கு அருகே ஒல்லியான கால்களின் மேல் ஒரு பெரிய பலகைக்கல் உட்கார்ந்திருக்கும். அதற்குச் சாத்தானின் மேசை என்று பெயர். இப்படிப்பட்ட பாறை முகடு ஒன்று கிடைத்தால் இடைக்காலத்துப் பிரபு விடுவானா? பாதியைக் குடைந்து பாதியைக் கட்டி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான். பாறைக்கோட்டை என்று இதற்குத் தனி வகையே இருக்கிறது.

நமக்கு எல்லாமே கோட்டைதான். ஜெர்மன்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள்: சண்டைக்குத் தாங்குவது ‘புர்க்’, சொகுசுக்குக் கட்டியது ‘ஷ்லோஸ்’. படங்களில் வரும் வெள்ளைக் கோபுரக் கனவு மாளிகை வேண்டும் என்பவர்கள் பவேரியாவுக்குப் போய்விடுங்கள். இங்கே இருப்பதெல்லாம் புர்க், அதிலும் முக்கால்வாசி இடிந்தது.

ட்ரிஃபெல்ஸுக்கு வருவோம். போலி என்று எழுதியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஏனென்றால் அந்த இடத்தில் நடந்தது போலி அல்ல. 1081-லேயே ஆவணத்தில் வரும் பெயர் இது. புனித ரோமானியப் பேரரசின் கிரீடம், செங்கோல், உருண்டை எல்லாவற்றையும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் இங்கேதான் பூட்டி வைத்திருந்தார்கள். “ட்ரிஃபெல்ஸ் யார் கையிலோ, அவர் கையில் பேரரசு” என்று ஒரு பேச்சு வழக்கே உண்டு. உச்சியில் இந்தக் கோட்டை, பக்கத்து இரண்டு குன்றுகளில் காவலுக்கு அனெபோஸ், ஷார்ஃபன்பெர்க் என்று இன்னும் இரண்டு. அன்வைலரிலிருந்து பார்த்தால் மூன்றும் வரிசையாக நிற்கும்.

இங்கே வந்தவர்களிலேயே பிரபலமானவர் விருந்தாளியாக வரவில்லை, கைதியாக வந்தார். இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு, சிங்க நெஞ்சர் என்பார்களே, அவர்தான். சிலுவைப்போரிலிருந்து மாறுவேடத்தில் ஊர் திரும்பும்போது 1192 டிசம்பரில் வியன்னா அருகே ஆஸ்திரிய டியூக் ஐந்தாம் லியோபோல்டின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார். லியோபோல்டு அவரைப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் விலைபேசி ஒப்படைத்தார். 1193 வசந்தத்தில் ரிச்சர்டை ட்ரிஃபெல்ஸில் வைத்தார்கள். கதை சொல்பவர்கள் வருடக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார் என்பார்கள். ஆவணத்தை வைத்துப் பார்த்தால் சில வாரங்கள்தான், அதுவும் அரசருக்குரிய மரியாதையோடு. ப்ளோண்டெல் என்ற பாடகன் கோட்டை கோட்டையாகப் போய்ப் பாடித் தன் ராஜாவைக் கண்டுபிடித்தான் என்ற கதையும் பின்னால் சேர்ந்ததே. பேரரசர் ராஜாவை எங்கே வைத்திருக்கிறார் என்பது இங்கிலாந்துக்குத் தெரியும். பணம் எவ்வளவு என்றுதான் பேச்சு நடந்தது.

பணம் 1,50,000 வெள்ளி மார்க். மார்க் என்பது அப்போதைய எடை; கொலோன் நகரத்து மார்க் ஒன்று ஏறக்குறைய 234 கிராம். பெருக்கிப் பாருங்கள், 35 டன் வெள்ளி! இங்கிலாந்தில் வருமானத்தில் கால்பங்கு வரி போட்டார்கள், தேவாலயப் பாத்திரங்களை உருக்கினார்கள். 1,00,000 மார்க் வந்து சேர்ந்ததும், மீதிக்குப் பிணையாட்களை வாங்கிக்கொண்டு, 1194 பிப்ரவரி 4 அன்று மைன்ஸ் நகரில் அவரை விட்டார்கள். அந்த வெள்ளியை வைத்துப் படை திரட்டிய ஹென்றி அதே வருடம் சிசிலியைப் பிடித்து, கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடிசூட்டிக்கொண்டார். ஆள் கடத்தல் பணத்தில் ஒரு நாடு.

1602-ல் மின்னல் விழுந்து கோட்டை எரிந்தது. அப்புறம் கல்லெல்லாம் ஊர்க்காரர்களுக்கு வீடு கட்டப் பயன்பட்டது. 1930-களில் நாஜிகளுக்கு இந்த இடத்தின் மேல் கண் விழுந்தது. அப்போது ஃபல்ட்ஸ் பகுதி பவேரியாவின் கீழ் இருந்தது. அதன் முதலமைச்சர் லுட்விக் சீபெர்ட் இதை ஒரு தேசிய வழிபாட்டு இடம் போல ஆக்க நினைத்தார். கட்டடக் கலைஞர் ருடோல்ஃப் எஸ்டரர் வரைந்து கொடுத்தார். பழைய மண்டபம் எப்படி இருந்தது என்பதற்கு உறுதியான படம் எதுவும் இல்லை. தெற்கு இத்தாலியில் ஆறாம் ஹென்றியின் வம்சம் கட்டிய கோட்டைகளின் சாயலில் அவர் கற்பனையை ஓட்டினார். போர் வந்து வேலை நின்றது. போருக்குப் பின் வேறு ஆட்சி, வேறு மாநிலம், ஆனாலும் 1960-கள் வரை அதே வேலையைத் தொடர்ந்தார்கள். நான் மெய்மறந்து படம் எடுத்தது அதைத்தான்.

மண்டபத்தில் எனக்குள் ஓர் ஆன்மிகச் சிலிர்ப்பு வந்தது நிஜம். அப்படி வரவேண்டும் என்றுதான் அவர்கள் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. மேலே போனால் கண்ணாடிக்குள் கிரீடமும் செங்கோலும் மின்னின. “இதுவும் டூப்ளிகேட்” என்றாள் மகள், பலகையைப் படிக்காமலே. சரியாகச் சொன்னாள். அசல் வியன்னாவில் இருக்கிறது.

இறங்கும் வழியில் ஒரு காட்டுக் குடிலில் உட்கார்ந்தோம். இந்தக் குடில்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியைப் பற்றி எழுதக்கூடாது. 1902-ல் தொடங்கிய ஃபெல்ட்ஸர்வால்ட் சங்கம் காடு முழுக்கப் பாதைகளுக்கு வண்ணக் குறிகள் போட்டு, நடப்பவர்கள் இளைப்பாறக் குடில்களும் கட்டியது. பல குடில்களில் சமைப்பது, பரிமாறுவது, கழுவுவது எல்லாம் சங்கத்தின் தொண்டர்களே. 2021-ல் இந்தக் குடில் பழக்கத்தை ஜெர்மனியின் மரபுப் பண்பாட்டுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். நீள மேசை, நீள பெஞ்சு. “இங்கே இடம் இருக்கா?” என்று கேட்டு முன்பின் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கையில் ரொக்கம் இருப்பது நல்லது. அட்டையை நீட்டி அசடு வழிந்த அனுபவம் எனக்கு உண்டு.

குடிப்பது வைன்ஷோர்லே, அதாவது திராட்சை மதுவில் சோடா. ஜெர்மனியின் மற்ற பகுதிகளில் பாதிக்குப் பாதி இருக்கும். இங்கே சோடா பேருக்குத்தான். அதை ஊற்றித் தருவது ‘டுப்பேகிளாஸ்’ என்ற அரை லிட்டர்க் கண்ணாடிக் குவளை. சுற்றிலும் விரல் பதியக் குழிகள் இருக்கும். இறைச்சி தின்ற எண்ணெய்க் கை வழுக்காமல் இருக்கக் கசாப்புக்காரர்கள் கண்டுபிடித்தது என்பார்கள். நெருங்கிய கூட்டமென்றால் ஒரே குவளை மேசையைச் சுற்றி வரும். சாப்பாட்டில் பெயர் பெற்றது பன்றி வயிற்றுப் பையில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்து வேகவைக்கும் சௌமாகன். இந்தப் பகுதிக்காரரான ஹெல்முட் கோல் ஜெர்மனியின் பிரதமராக இருந்தபோது மார்கரெட் தாட்சருக்கே அதைப் பரிமாறவைத்தார். நான் அந்தப் பக்கம் போகாமல், வெங்காயம் தூவிய தயிர்க்கட்டியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டேன்.

எதிரே ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர், விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம் போல. மகளின் நோட்டைத் தலைகீழாகவே படித்துவிட்டு, “எதை வைத்துப் போலி என்று எழுதினாய்?” என்று கேட்டார். மலையில் எல்லோருக்கும் ‘நீ’தான்; கீழே இறங்கியதும் ‘நீங்கள்’ ஆகிவிடும்.

“பலகையில் போட்டிருக்கிறது.”

“பலகை கிடக்கட்டும். கல்லைப் பார்த்தாயா?”

அவர் கல்தச்சர். வாழ்நாள் முழுக்க இந்தச் சிவப்புக் கல்லைத்தான் கொத்தியிருக்கிறார். தட்டிலிருந்த ரொட்டியில் ஒரு சதுரம் வெட்டினார். அதன் முன்பக்கத்தில் சுட்டுவிரலாலும் பின்பக்கத்தில் கட்டைவிரலாலும் ஒரு குழி போட்டார். அதே குழிகளில் இரண்டு விரலையும் வைத்து மேலே தூக்கினார். ரொட்டி வந்தது.

“இரும்பு இடுக்கி. கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். அதன் இரண்டு நகமும் கல்லின் இரண்டு பக்கக் குழியில் உட்காரும். மேலே கயிறு, கயிற்றுக்கு மேலே சக்கரம், சக்கரத்துக்குள் ஆள் நடப்பான். கல் எவ்வளவு கனமோ அவ்வளவு இறுக்கமாக இடுக்கி பிடிக்கும். கல் சுவரில் உட்கார்ந்த பிறகு பின்பக்கக் குழி உள்ளே மறைந்துவிடும். முன்பக்கக் குழி அப்படியே இருக்கும். அதைத் தேடு. எங்கள் பக்கத்தில் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பரவிய பழக்கம். ஆனால் துளை இருந்தாலே பழசு என்று நினைத்துவிடாதே, இடுக்கி அப்புறமும் இருந்தது. துளையின் உதடு தேய்ந்திருக்கிறதா பார்.”

பிறகு ரொட்டியைத் தின்றுவிட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஷோர்லேவை அப்படியே வைத்துவிட்டு, இறங்கின வழியில் மறுபடி ஏறினோம். டிக்கெட் கொடுத்தவரையே மறுபடி பார்த்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போனோம். மண்டபத்தை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கும் கிணற்றுக் கோபுரத்தின் அடியில் நின்றோம். ஒவ்வொரு கல்லும் ஓரத்தில் சீராகச் செதுக்கி, நடுவில் ரொட்டி உப்பினது போல் புடைப்பாக விடப்பட்டிருந்தது. சில கற்களில், புடைப்பின் நடுவே, ஒரு குழி. அவள் விரலை விட்டாள். முதல் கணு வரை போனது. உள்ளே ஈரமாக, சில்லென்று இருந்ததாம். என் விரல் போகவில்லை.

அன்றைக்கு நோட்டில் ட்ரிஃபெல்ஸை அழித்து இரண்டாகப் பிரித்தாள். கிணற்றுக் கோபுரம், பெரிய கோபுரத்தின் கீழ்ப்பகுதி, தேவாலயத்தின் பிதுங்கிய மாடம்: இடப்பக்கம். மண்டபம், படிக்கட்டு, கோபுர உச்சி, கிரீடம்: வலப்பக்கம்.

அடுத்த முறை டான் என்ற ஊருக்குப் போனோம். ஊருக்குக் கிழக்கே ஒரே நீளப் பாறை முகட்டில் மூன்று கோட்டைகள், ஆல்ட்-டான், கிராஃபன்-டான், டான்ஷ்டைன். நடுவில் இருப்பது 1287-ல் எழுந்தது. பின்னால் ஷ்போன்ஹைம் பிரபுவின் கைக்குப் போனதால் பிரபுவின் டான் என்று பெயர் மாறியது. மூன்றும் தெளிவான இடிபாடு. எந்த அரசியல்வாதியும் இங்கே மண்டபம் கட்டவில்லை. எனக்கு இந்தப் பகுதியில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கேதான் போவேன்.

முதல் பார்வைக்கு இங்கே ஒன்றும் இல்லை. பாறை, அதன் தலையில் சுவரின் மிச்சம், இரும்புக் கைப்பிடி போட்ட படிகள். பத்து நிமிடம் சும்மா நின்றால்தான் கண் பழகும். மொட்டைப் பாறை முகத்தில் சதுரம் சதுரமாக ஒரு வரிசைக் குழிகள். ஓர் ஆள் உயரத்துக்கு மேலே அதேபோல இன்னொரு வரிசை. உத்தரம் செருகிய குழிகள் அவை. ஒரு வரிசைக்கு ஒரு தளம். அதற்கும் மேலே பாறையில் சாய்வாக ஒரு கோடு வெட்டியிருக்கிறது. அது கூரை சேர்ந்த இடம், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க. அப்படியானால் நான் நிற்கும் புல்தரை ஒரு வீட்டின் உள்பக்கம். இந்தப் பாறை அவர்கள் வீட்டின் பின்சுவர். யாரோ இதில் விளக்கு மாட்டியிருக்கிறார்கள், யாரோ சாய்ந்து உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார்கள். மரமெல்லாம் எரிந்தோ உளுத்தோ போய்விட்டது. குழிகள் மட்டும் மிச்சம்.

அதற்கப்புறம் அந்த ஊரில் எதைப் பார்த்தாலும் குழிதான் கண்ணில் பட்டது. கதவின் கீல் சுழன்ற உருண்டைக் குழி. தாழ்ப்பாள் மரம் ஓடின நீளக் குழி. பாறை மேல் விழும் மழையைத் தொட்டிக்குக் கொண்டுபோக விரல் அகலத்தில் வெட்டிய ஓடை. குடைந்த அறைகளின் சுவரில் சாய்வாக, நெருக்கமாக உளிக் கோடுகள். ஒரு சுவரில் கோடுகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, அடுத்ததில் மறுபக்கம். “இடதுகைக்காரரா இருப்பாரோ?” என்றாள் இடதுகைக்காரியான என் மகள். இருக்கலாம், அல்லது நின்ற இடம் மாறியிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ட்ராகன்ஃபெல்ஸ் போனது ஒரு கூத்து. அன்றைக்கு என் கணவரும் வந்ததால் கார். வழிகாட்டியில் பெயரைத் தட்டிவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் இருந்துவிட்டோம். நெடுஞ்சாலையில் ஏறிச் சிறிது நேரம் கழித்துத்தான், “ஏங்க, பக்கம்னுதானே சொன்னேன், இது ரெண்டரை மணி நேரம் காட்டுதே” என்றேன். ரைன் கரையில், போன் நகருக்கு அருகே, இதே பெயரில் உலகப் புகழ்பெற்ற கோட்டை ஒன்று இருக்கிறது. அது வடக்கே. எங்களுடையது பூசன்பெர்க் கிராமத்துக்குப் பக்கத்தில், டான் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். “ஊர் பேரோட போடணும்னு தெரியாதா?” என்று அவர் கேட்க, “ஓட்டுறவங்க பார்க்கக் கூடாதா?” என்று நான் கேட்க, பின்சீட்டில் ஒருத்தி காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது அந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் காட்டுக்கு மேலே ஒற்றைக் கடைவாய்ப்பல் நிற்கும். அந்தப் பல்லின் உள்ளேயும் உச்சியிலும்தான் கோட்டை. பாறையை வெட்டிய குறுகிய படிகளில் ஏற வேண்டும், படிகள் நடுவில் தேய்ந்து கிண்ணமாகிவிட்டன.

இது ஒருத்தர் கோட்டை இல்லை, பல வீரக் குடும்பங்களின் பங்குக் கோட்டை. இருபத்துச் சொச்சம் பங்காளிகள். யார் எந்த அறை, யார் காவலுக்கு எவ்வளவு கொடுப்பது, பங்காளியின் எதிரியை உள்ளே விடலாமா என்பதற்கெல்லாம் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். கிணற்றுக்கும் வாசலுக்கும் பொதுச்செலவு. அப்பார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

அந்தப் பங்காளிகளில் ஒருவர் ஃப்ரான்ஸ் ஃபொன் சிக்கிங்கன். 1522-ல் வீரக் குடும்பங்களைத் திரட்டி ட்ரியர் பேராயர் மேல் படையெடுத்தார், தோற்றார். ட்ரியர், ஃபல்ட்ஸ், ஹெஸ்ஸன் மூன்றும் சேர்ந்து பீரங்கிகளோடு திருப்பித் தாக்கின. லாண்ட்ஷ்டூல் ஊருக்கு மேலே இருக்கும் தன் நான்ஷ்டைன் கோட்டையைப் பீரங்கிக்குத் தாங்கும்படி பலப்படுத்தியிருந்தார். அப்படியும் சில நாட்கள்தான் தாக்குப்பிடித்தது. சிதறிய மரம் குத்திப் படுகாயமடைந்து 1523 மே 7 அன்று இறந்தார். வென்றவர்கள் அதோடு விடவில்லை. அவர் பங்காளி என்ற ஒரே காரணத்துக்காக ட்ராகன்ஃபெல்ஸையும் அதே மாதம் எரித்துத் தகர்த்தார்கள். மற்ற இருபது சொச்சம் பேர் என்ன பாவம் செய்தார்கள்? அப்புறம் யாரும் இதைக் கட்டவேயில்லை. நோட்டில் முழுக்க இடப்பக்கம்.

இந்தக் காட்டில் எந்தக் கோட்டையைக் கேட்டாலும் இடிந்த காரணம் சுற்றிச் சுற்றி நாலைந்துதான். 1525 விவசாயிகள் கிளர்ச்சி. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர். 1680-களிலும் அதற்குப் பிறகும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை ஊர் ஊராக வைத்த தீ. அந்தப் படையின் தளபதி மெலாக் பெயரை ஃபல்ட்ஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நாய்க்கு வைத்தார்கள். மீதிக்கு மின்னல்.

பெர்வார்ட்ஷ்டைனையும் மின்னல்தான் 1591-ல் எரித்தது. ஆனால் 1890-களில் ஒருவர் அதை விலைக்கு வாங்கிக் கூரை போட்டுக் குடியிருக்கும்படி ஆக்கிவிட்டார். அதனால் சுற்றுவட்டாரத்தில் ஜன்னலும் கதவுமாக நிற்கும் பாறைக்கோட்டை இது ஒன்றுதான். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு நடுத்தரம்தான், கவசமும் வாளும் மாட்டின கூடம் கொஞ்சம் கடை மாதிரி இருக்கிறது. இரண்டு விஷயத்துக்காகப் போகலாம். ஒன்று கிணறு. பாறையில் கையால் வெட்டிய 104 மீட்டர். கல் போட்டால் அடியைத் தொட நாலரை நொடிக்கு மேல் ஆகும், சத்தம் மேலே வர இன்னும் கொஞ்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவ்வளவு ஆழத்தில் எண்ணெய் விளக்கின் புகையில் ஒருவன் உளியும் சுத்தியுமாக எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பான்? அவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இரண்டாவது ஹன்ஸ் ஃபொன் ட்ரோட்டா. அவர் பெயர் எல்லாப் பலகையிலும் இருக்கிறது. 1480-ல் ஃபல்ட்ஸ் இளவரசர் இந்தக் கோட்டையை அவருக்குக் கொடுத்தார். பக்கத்து வைசன்புர்க் மடம் இது எங்கள் சொத்து என்றது. ட்ரோட்டா வழக்குக்குப் போகவில்லை. மடத்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாவ்டர் ஆற்றை மரக்கட்டைகளால் மறித்தார், ஊர் காய்ந்தது. மடாதிபதி முறையிட்டதும் “சரி, தண்ணீர்தானே வேண்டும்?” என்பது போல அணையை ஒரே அடியாக உடைத்துவிட்டார், ஊர் மூழ்கியது. போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார், பேரரசர் நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கினார். மனிதர் அசையாமல் 1503-ல் தன் காலம் முடிந்து இறந்தார். அந்த வைசன்புர்க் இன்று பிரான்சில் இருக்கிறது, விசம்பூர் என்ற பெயரில். அங்கே அல்சாஸ் பகுதியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் தேவதையோடு, அடங்காத பிள்ளைகளைப் பயமுறுத்தச் சங்கிலியும் தாடியுமாக ஒரு பூச்சாண்டி வருவான். பெயர் ஹன்ஸ் ட்ராப். ஐந்நூறு வருடத் தண்ணீர்த் தகராறு பூச்சாண்டியாக வீடு வீடாக வருகிறது! மகளுக்கு இவரை எந்தப் பக்கம் போடுவதென்று தெரியவில்லை, கோட்டின் மேலேயே எழுதிவிட்டாள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குளிர்காலத்தில் பல கோட்டைகளைப் பூட்டிவிடுவார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பேருந்து ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குள் ஒரு தூக்கம் போடலாம். வசந்தத்தில் சில பாறைகளில் வல்லூறு கூடு கட்டியிருக்கும், தடைப் பலகை இருந்தால் ஏறாதீர்கள். அக்டோபரில் போனால் பாதையெல்லாம் செஸ்ட்நட் உதிர்ந்து கிடக்கும். ரோமானியர்கள் கொண்டுவந்த மரம் என்பார்கள். ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து அவித்தால் நம் பனங்கிழங்குக்கும் சர்க்கரைவள்ளிக்கும் நடுவே ஒரு ருசி.

ஹாம்பாக் கோட்டையைச் சென்ற மே மாதம் பார்த்தோம். நொய்ஷ்டாட் ஊருக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. 1832 மே 27 அன்று இந்த இடிந்த கோட்டைக்கு இருபதாயிரம் முப்பதாயிரம் பேர் ஊர்வலமாக ஏறினார்கள். பவேரிய அரசு அரசியல் கூட்டத்துக்குத் தடை போட்டிருந்ததால் திருவிழா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைச் சுதந்திரம், ஒன்றுபட்ட ஜெர்மனி, மக்களாட்சி என்று பேசினார்கள். கூட்டியவர்களில் ஒருவரான சீபன்பைஃபர் அழைப்பிலேயே பெண்களும் வர வேண்டும் என்று எழுதியிருந்தார். கருப்பு-சிவப்பு-பொன் கொடி பெருங்கூட்டமாகப் பறந்தது அங்கேதான். அப்புறம் என்ன, பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்து வருடம் கழித்து, 1842-ல், அந்த இடிபாட்டைப் பவேரிய இளவரசருக்கே கல்யாணப் பரிசாகக் கொடுத்தார்கள்! அவர் அதை மாளிகையாக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். இன்று நிற்பது அதன் மேல் 20, 21ஆம் நூற்றாண்டுகளில் சீர்செய்தது. உள்ளே 1832-ல் தூக்கிச் சென்ற அசல் கொடி ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் மங்கிக் கிடக்கிறது.

“கட்டடம் போலி, கொடி நிஜம்” என்று எழுதிவிட்டு ஜன்னல் வழியே ரைன் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க ஏறி வந்தப்ப இந்தச் சுவரே இல்லல்ல?” என்றாள். இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

போன மாதம் மறுபடி அன்வைலர் பக்கம் நடக்கப் போயிருந்தோம், கோட்டைக்கு இல்லை, சும்மா. மலையடியில் ஒரு கிராமத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அவளைக் காணோம். தேடினால், சாலையோரம் ஒரு பழைய கொட்டகையின் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். சுவர் முழுக்கக் கைக்குக் கிடைத்த சின்னக் கற்கள். அடிவரிசையில் மட்டும் இரண்டு பெரிய கல், ஓரம் செதுக்கி, நடுவில் உப்பலாக. அவற்றில் ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார்கள். முன்னால் பிளாஸ்டிக் தொட்டியில் யாரோ ஜெரேனியம் வளர்த்திருந்தார்கள். தொட்டியை நகர்த்திவிட்டு அவள் விரலை நீட்டினாள்.

இந்த இரண்டு வருடத்தில் வளர்ந்துவிட்டாள். சுட்டுவிரல் போகவில்லை. சுண்டுவிரல் போனது.

வீட்டுக்கார அம்மா ஜன்னலைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை, கல்லைப் பார்க்கிறோம் என்றேன். “கல்லையா?” என்றார். தொட்டியைப் பழைய இடத்தில் வைத்தோம். பேருந்து வந்துவிட்டது. கடைசி சீட்டில் உட்கார்ந்து நோட்டை எடுத்து இடப்பக்கம் கடைசி வரியில் எழுதினாள்: மாட்டுக் கொட்டகை, இரண்டு கல்.